‘இனிஷியலைஸ்’ செய்யவா என்று கணினி கேட்டால்: பழைய ஹார்ட் டிஸ்க்குகளும் நம் சாட்சியங்களும்

பல வருடங்களாக அலுமாரியில் கிடந்த ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கணினியில் செருகுகிறீர்கள். கோப்புகள் திறக்கவில்லை. மாறாக ஒரு சின்னப் பெட்டி வருகிறது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துவதற்கு முன்னர் அதை ‘இனிஷியலைஸ்’ செய்யவேண்டும், எம்பிஆர் முறையா ஜிபிடி முறையா என்று தெரிவுசெய்யுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. கீழே ‘ஓகே’, ‘கான்சல்’ என்று இரண்டு பொத்தான்கள். அந்தத் திரையைக் கைபேசியில் படமெடுத்து, “இதுக்கு ஓகே குடுக்கலாமோ?” என்று கேட்டு எனக்கு அனுப்பியவர்கள் பலர்.

குடுக்கக்கூடாது. ‘கான்சல்’ கொடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஏன் அப்படி, அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்பதை எழுத இவ்வளவு இடம் எடுப்பதற்குக் காரணம், எங்களுடைய டிஸ்க்குகளில் என்ன இருக்கிறது என்பதுதான்.

இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு அல்பங்களை இழந்த குடும்பங்களில், வெளிநாட்டிலிருந்த உறவினர் ஸ்கேன் செய்து அனுப்பிய நாலைந்து படங்களே மிச்சம். அவை ஒரு டிஸ்க்கில் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சாமத்தியவீட்டு வீடியோ, பாடசாலை அடையாள அட்டையின் படம், கடைசியாக வந்த கடிதத்தின் பிரதி. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தொடங்கி, 2013இல் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு, பின்னர் காணாமல் போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒவ்வொரு கதவுக்கும் கொண்டுபோன கடிதக் கட்டுகளின் ஸ்கேன்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பதிவுகள். உள்ளூர் அமைப்புகளும் என்னைப்போன்ற செய்தியாளர்களும் எடுத்த நேர்காணல்கள். அவற்றில் பேசிய தாய், தந்தையரில் பலர் இன்று உயிருடன் இல்லை. அவர்கள் திரும்பவும் ஒருமுறை சொல்லமாட்டார்கள். அந்தக் குரல் எந்த டிஸ்க்கில் இருக்கிறதோ அங்கேதான் இருக்கிறது.

அந்த டிஸ்க்கை அழிப்பது பெரும்பாலும் காலம் அல்ல. பழுதான பிறகு முதல் ஒரு மணித்தியாலத்தில், உதவி செய்வதாக நினைத்து யாரோ செய்யும் வேலைதான். நான் பார்த்தவரையில் இதுவே உண்மை.

‘இனிஷியலைஸ்’ என்றால் என்ன?

ஒரு டிஸ்க்கின் தொடக்கத்தில் சிறியதொரு அட்டவணை இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பகுதி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அது சொல்லும். பழைய முறைக்கு எம்பிஆர் என்று பெயர். சுமார் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை அதனால் கணக்கில் எடுக்க முடியாது. புதிய முறை ஜிபிடி. டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸ் முதலில் அந்த அட்டவணையைத்தான் தேடுகிறது. கிடைக்கவில்லை என்றால், அல்லது அங்கே இருப்பது தனக்கு விளங்கவில்லை என்றால், இது கடையிலிருந்து வந்த புது டிஸ்க் என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் புது அட்டவணை எழுதவா என்று கேட்கிறது.

ஒரு நூலகத்தின் பதிவேடு தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புத்தகங்கள் ராக்கைகளில் அப்படியே இருக்கின்றன. எது எங்கே என்றுதான் தெரியாது. ‘இனிஷியலைஸ்’ செய்வது, வெறுமையான புதுப் பதிவேடு ஒன்றைப் பழையது இருந்த இடத்தில் வைப்பது. புத்தகங்கள் அப்போதும் எரிவதில்லை, ஆனால் பழைய பதிவேட்டின் கிழிந்த ஒற்றைகள்கூடப் போய்விடும். அதோடு நிற்பதில்லை. அடுத்ததாகப் புதிய பகுதி ஒன்றை உருவாக்கி ‘ஃபோர்மற்’ செய்யவா என்று கேட்கும். அதற்கும் ‘ஓகே’ கொடுத்து, அதன்மேல் புதிய கோப்புகளையும் போட்டால் புத்தகங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போகத் தொடங்கும்.

ஆகவே, எழுதாதவரை பெரும்பாலும் எதுவும் போய்விடவில்லை. இதை மனதில் வைத்தால் கீழே சொல்பவை இலகுவாக விளங்கும்.

முதலில் மின்சாரத்தையும் கேபிளையும் பாருங்கள்

டிஸ்க் பழுது என்று என்னிடம் வந்தவற்றில் கணிசமானவை டிஸ்க்கின் பழுதே அல்ல. மேசையில் வைத்துப் பயன்படுத்தும் பெரிய, 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியான அடப்டர் இருக்கும். சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் அது 12 வோல்ட்டில் 2 அம்பியர் அளவுக்கு மின்சாரம் கேட்கும். அடப்டர் பழசாகிப் பலமிழந்தால் வெளிச்சம் எரியும், ஆனால் டிஸ்க் சுழலாது. அல்லது சுழன்று நின்று, மறுபடி சுழன்று நிற்கும். அதே வோல்ட்டும், அதே அளவு அல்லது கூடுதலான அம்பியரும், அதே முனைவும் உள்ள இன்னொரு அடப்டரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் மாறிய அடப்டரைப் பொருந்துகிறதே என்று செருகவேண்டாம். அது சுற்றுப்பலகையை எரித்துவிடும்.

சிறிய, 2.5 அங்குல டிஸ்க்குகள் யூஎஸ்பி கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. கேபிளை மாற்றுங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகக் கணினியில் செருகுங்கள். மேசைக் கணினி என்றால் பின்பக்கத் துளையில் செருகுங்கள். இன்னொரு கணினியிலும் பாருங்கள். இவை காசு செலவில்லாத சோதனைகள்.

பழைய மேசைக் கணினியில் புதிய பெரிய டிஸ்க்கைப் பூட்டும்போது இன்னொரு புதினம் நடக்கும். சில புதிய டிஸ்க்குகளில், மின்சாரக் கேபிளின் 3ஆவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து டிஸ்க்கை நிறுத்தி இயக்குவதற்காகப் பெரிய தரவு நிலையங்களுக்குச் செய்த ஏற்பாடு அது. பழைய மின்வழங்கியோ அந்தப் பின்னில் எப்போதும் 3.3 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க் அசையாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைப்போம். அந்த வோல்ட் வராத வேறு கேபிளில் மாட்டினால் எழும்பிவிடும்.

காதையும் பயன்படுத்துங்கள். சீரான ‘ஙொய்’ என்ற சத்தம் நல்லது. ‘டிக்… டிக்… டிக்’ என்று ஒரே தாளத்தில் தட்டினால், அல்லது உரசும் சத்தம் வந்தால், உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். தட்டுக்கு மேலே ஒரு தூசியை விடவும் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதந்து வாசிக்கும் முனை அடிபட்டிருக்கலாம். அந்த நிலையில் ஒவ்வொரு சுழற்சியும் தட்டைச் சுரண்டும். இதற்கு மென்பொருளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலைசெய்யும் என்ற கதையை நம்பவேண்டாம். எங்கள் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது உள்ளே தண்ணீர் கட்டத்தான் உதவும். வீட்டில் மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படியே. அதே மாதிரி டிஸ்க் ஒன்றின் சுற்றுப்பலகையைக் கழற்றி மாற்றிப்போடும் வித்தையும் இப்போதைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்குமே உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சில்லில் எழுதப்பட்டிருக்கின்றன.

திரை என்ன சொல்கிறது?

விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை வலது பக்கமாகக் கிளிக் செய்து ‘டிஸ்க் மனேஜ்மென்ட்’ என்பதைத் திறவுங்கள். இனிஷியலைஸ் பெட்டி வந்தால் கான்சல் கொடுங்கள். பிறகு ஒரு விடயத்தை மட்டும் பாருங்கள்: டிஸ்க்கின் அளவு சரியாகக் காட்டப்படுகிறதா?

அளவு எதுவுமே காட்டாமல் ‘நோ மீடியா’ என்று இருந்தால், டிஸ்க் தன்னுடைய உள் நிரலையே வாசிக்க முடியாமல் இருக்கிறது. அல்லது யூஎஸ்பி பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் தொடர்பு இல்லை. அளவு தவறாக இருந்தால், உதாரணமாக 3 டெராபைட் டிஸ்க் 746 ஜிகாபைட் என்று காட்டினால், பழைய பெட்டியோ பழைய மென்பொருளோ அந்த அளவைக் கணக்கிடத் தெரியாமல் தடுமாறுகிறது. புதிய பெட்டியில் போட்டால் சரிவரும். அளவு சரியாக இருந்து ‘நொட் இனிஷியலைஸ்ட்’ என்று மட்டும் வந்தால், நல்ல செய்தி. டிஸ்க் பேசுகிறது, அதன் அட்டவணைதான் விளங்கவில்லை.

விளங்காமல் போவதற்கு டிஸ்க்கில் எந்தப் பிழையும் இல்லாத காரணங்களும் உண்டு. இவற்றில்தான் கூடுதலான அழிவு நடக்கிறது.

முதலாவது, பெட்டி மாற்றம். சில யூஎஸ்பி பெட்டிகள் டிஸ்க்கின் துண்டுகளை 512 பைட்டாக அல்லாமல் 4096 பைட்டாகக் கணினிக்குக் காட்டும். பெட்டி பழுதாகி, உள்ளிருக்கும் டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கணினியில் பூட்டினால் கணக்குப் பிசகும். டிஸ்க் வெறுமையாகத் தெரியும். வேறு சில பெட்டிகள் நீங்கள் கடவுச்சொல் போடாவிட்டாலும் தாமாகவே எல்லாவற்றையும் மறையாக்கித்தான் எழுதுகின்றன. அந்தப் பெட்டியின் பலகை இல்லாமல் டிஸ்க்கை மட்டும் வாசித்தால் குப்பைதான் வரும். ஆகவே பெட்டி பழுதென்றால் அதை எறியவேண்டாம். டிஸ்க்குடன் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, லினக்ஸில் எழுதப்பட்ட டிஸ்க். அலுவலகங்களில் வலையமைப்பில் பூட்டி வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டிகள், நாஸ் என்று சொல்கிறோமே, அவற்றில் பெரும்பாலானவை உள்ளே லினக்ஸில் இயங்குகின்றன. அவற்றின் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் செருகினால் ‘ஃபோர்மற் செய்யவேண்டும்’ என்றோ ‘இனிஷியலைஸ் செய்யவேண்டும்’ என்றோ கேட்கும். அதற்கு அந்தப் பாசை தெரியாது, அவ்வளவுதான்.

மூன்றாவது, மறையாக்கம். செய்தியாளர்களும் செயற்பாட்டாளர்களும் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும். சாட்சிகளின் பாதுகாப்புக்காக வெராகிரிப்ட் போன்ற மென்பொருளால் முழு டிஸ்க்கையும் பூட்டி வைத்திருப்போம். அப்படிப் பூட்டிய டிஸ்க் விண்டோஸுக்கு வெறும் டிஸ்க்காகத்தான் தெரியும். ஒவ்வொரு முறை செருகும்போதும் இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். பூட்டின் சாவித் தகவல் இருப்பதோ டிஸ்க்கின் தொடக்கத்தில். புது அட்டவணை எழுதப்படுவதும் அதே இடத்தில். ஒரு ‘ஓகே’ போதும், சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் திறக்காது. டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் வெராகிரிப்ட் வைத்திருக்கும் மாற்றுப் பிரதி சிலவேளை காப்பாற்றும். ஆனால் அதை நம்பியிருக்காமல் அந்தத் தலைப்புத் தகவலை முன்கூட்டியே வேறிடத்தில் பிரதியெடுத்து வையுங்கள். மென்பொருளிலேயே அதற்கு வசதி இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் அந்த டிஸ்க்கைத் தொடக்கூடிய எல்லோருக்கும் இந்தச் செய்தியைச் சொல்லிவையுங்கள்.

ரெய்ட் எழும்பாவிட்டால்

ரெய்ட் என்றதும் எங்கள் ஆட்களுக்குச் சுற்றிவளைப்புத்தான் ஞாபகம் வரும். இது வேறு. 1988இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. விலைகூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே டிஸ்க் போல நடத்துவது அவர்களின் யோசனை.

ரெய்ட் 0 இரண்டு டிஸ்க்குகளில் மாறி மாறித் துண்டுகளாக எழுதும். வேகம் கூடும். ஒன்று போனால் எல்லாம் போகும். ரெய்ட் 1 ஒரே விடயத்தை இரண்டிலும் எழுதும். ரெய்ட் 5 குறைந்தது மூன்று டிஸ்க்குகளில் கணக்கொன்றையும் சேர்த்து எழுதும். மூன்று டிஸ்க்குகளில் 5, 8, 2 என்று இருந்தால் நான்காவதில் கூட்டுத்தொகை 15 இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 தொலைந்தால் 15இலிருந்து 5ஐயும் 2ஐயும் கழித்து அதை மீட்கலாம். உண்மையில் நடப்பது கூட்டல் அல்ல, ஆனால் யோசனை இதுதான். ஒன்று தொலைந்தால் மீட்கலாம், இரண்டு தொலைந்தால் முடியாது. ரெய்ட் 6 இரண்டு டிஸ்க்குகளின் இழப்பைத் தாங்கும்.

இப்படியான கூட்டு எழும்பாமல் போவதற்கு எங்கள் சூழலில் முதற் காரணம் மின்சாரம். 2022இல் மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், சில டிஸ்க்குகளில் புதியதும் சிலவற்றில் பழையதுமாக நின்றுவிடும். மறுபடி இயக்கும்போது கூட்டு தன்னைத்தானே நம்ப மறுக்கும். கணினியின் தாய்ப்பலகையிலேயே ரெய்ட் அமைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே இருக்கும் காசு போன்ற சின்னப் பற்றரி பலமிழந்திருந்தால், மின்சாரம் போனதும் பயோஸ் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். ‘ரெய்ட்’ என்றிருந்த இடம் ‘ஏஎச்சிஐ’ என்று மாறிவிடும். அப்போது கூட்டு மறைந்து, டிஸ்க்குகள் தனித்தனியாக, துவக்கப்படாதவையாகத் தெரியும். பற்றரியை மாற்றி, அமைப்பை மறுபடி ‘ரெய்ட்’ ஆக்கினால் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். புதிய கூட்டு எதையும் உருவாக்கத் தேவையில்லை.

வழங்கிக் கணினிகளில் தனி ரெய்ட் அட்டை இருக்கும். அட்டையையோ டிஸ்க்குகளையோ மாற்றினால் ‘ஃபொரின் கொன்ஃபிகரேஷன்’ என்று ஒரு செய்தி வரும். டிஸ்க்குகளில் எழுதியிருக்கும் கூட்டின் விபரம் தனக்குப் பழக்கமில்லாதது என்று அட்டை சொல்கிறது. ‘இம்போர்ட்’ என்பது அந்த விபரத்தை ஏற்றுக்கொள்வது. ‘கிளியர்’ என்பது அதை அழிப்பது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பழகிய ஒருவர் பார்க்கும்வரை இரண்டையுமே தொடவேண்டாம். நெடுநாள் விலகியிருந்த டிஸ்க் ஒன்று நடுவில் இருந்தால் ‘இம்போர்ட்’ செய்வதும் ஆபத்தாகலாம்.

அது ஏன் என்பதை வன்னியில் ஒரு சிறு அமைப்பின் அலுவலகத்தில் நேரில் பார்த்தேன். நாலு டிஸ்க்குகள் உள்ள ரெய்ட் 5 பெட்டி. பல வருடங்களாக எடுத்த நேர்காணல்கள் அதில் இருந்தன. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் பெட்டி எழும்பவில்லை. இரண்டு டிஸ்க்குகள் போய்விட்டன, புதிதாக இரண்டு போட்டு மறுபடி தொடங்குவோம் என்று பார்க்க வந்தவர் சொன்னார். அலுவலகத்தில் வேலைசெய்யும் தங்கச்சி ஒருத்தி, “அண்ணை, மூண்டாவது லைற் எப்பவுமே சிவப்புத்தானே” என்றாள். விசாரித்துப் பார்த்தால், மூன்றாவது டிஸ்க் பல மாதங்களுக்கு முன்னரே விலகிவிட்டது. பெட்டி ‘பீப், பீப்’ என்று கத்தியிருக்கிறது. தொந்தரவாக இருக்கிறது என்று யாரோ சத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று டிஸ்க்குகளில் கூட்டு அதுவரை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய மின்வெட்டில் முதலாவது டிஸ்க் விலகியபோதுதான் எல்லாம் நின்றது.

கணினித் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர் வந்தார். முதலில் பெட்டியைப் படம் எடுத்தார். எந்தத் துளையில் எந்த டிஸ்க், அதன் தொடர் இலக்கம் என்ன என்று பிளாஸ்டரில் எழுதி ஒட்டினார். பிறகு நாலு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகப் புதிய டிஸ்க்குகளுக்கு முழுமையாகப் பிரதியெடுத்தார். அதற்கே நாட்கள் எடுத்தன. அதன் பின்னர்தான், பிரதிகளில் மட்டும், லினக்ஸின் எம்டி என்ற ரெய்ட் கருவியால் ஒவ்வொரு டிஸ்க்கின் குறிப்பையும் வாசித்தார். கூட்டில் மாற்றங்கள் நடக்க நடக்க ஏறும் ஓர் இலக்கம் அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, நாலு ஆகியவற்றில் அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. மூன்றாவதில் எவ்வளவோ பின்தங்கியிருந்தது. அந்த மூன்றாவதை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்றையும் வாசிக்க மட்டும் என்ற நிலையில் சேர்த்து எழுப்பினார். கடைசியாக எழுதிய ஒருசில வீடியோக்களைத் தவிர மற்றதெல்லாம் வந்தன.

முதலில் வந்தவரின் சொல்லைக் கேட்டுப் புதிய கூட்டை உருவாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நண்பர் விளக்கினார். புதிய ரெய்ட் 5 உருவானதும் பெட்டி தானாகவே கணக்கெழுதத் தொடங்கும். பழையதன்மேல் எழுதிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் பழசான மூன்றாவது டிஸ்க்கைத் தெரியாமல் சேர்த்திருந்தாலும் கேடுதான். கூட்டுத்தொகை இன்றையது, ஓர் எண் மட்டும் அன்றையது என்றால் கழித்து வரும் விடை பிழைக்கும். கோப்புகளின் பெயர்கள் தெரியும், திறந்தால் உள்ளே குழம்பியிருக்கும்.

பழுதான டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு ‘ரீபில்ட்’ கொடுப்பதிலும் அவசரப்படக்கூடாது. அப்போது மிச்சமிருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் தொடக்கம் முதல் கடைசி வரை வாசிக்கப்படும். சாதாரண டிஸ்க்குகள் பலவற்றுக்கு, சுமார் 12.5 டெராபைட் வாசித்தால் ஒரு துண்டு வாசிக்க முடியாமல் போகலாம் என்பது தயாரிப்பாளர்களே குறிப்பிடும் எல்லை. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே வயதுடையவை. ஒன்று களைத்தால் மற்றவையும் களைத்திருக்கும். ஆகவே, ரீபில்டுக்கு முன்னர் முக்கியமானவற்றை வெளியே பிரதியெடுங்கள்.

பிரதி முதலில், சிகிச்சை பிறகு

டிஸ்க் ஒன்றோ நாலோ, ஒழுங்கு ஒன்றுதான். சத்தமில்லாமல் சுழன்று, அளவைச் சரியாகக் காட்டும் டிஸ்க்கை, அதே அளவுள்ள அல்லது பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு முழுமையாகப் பிரதியெடுக்கவேண்டும். கோப்புகளை இழுத்துப் போடுவது அல்ல, முதற் துண்டிலிருந்து கடைசித் துண்டு வரை. லினக்ஸில் இயங்கும் ‘டிடிரெஸ்கியூ’ என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே எழுதப்பட்டது. வாசிக்கக் கஷ்டமான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல், இலகுவான இடங்களை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பிவரும். எங்கே விட்டது என்று குறித்து வைப்பதால் நடுவில் மின்சாரம் போனாலும் தொடரலாம். மூல டிஸ்க் எது, புதிய டிஸ்க் எது என்பதை இரண்டு முறை சரிபாருங்கள். மாறிக் கொடுத்தால் வெறுமை வந்து மூலத்தின்மேல் எழுதப்படும்.

அதன் பிறகு மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிரதியில் வேலை செய்யலாம். தொலைந்த அட்டவணையைத் தேடித் திருத்த ‘டெஸ்ட்டிஸ்க்’, அட்டவணை இல்லாமலே படங்களையும் வீடியோக்களையும் பொறுக்கி எடுக்க ‘ஃபோட்டோரெக்’ என்று இரண்டு இலவச மென்பொருள்கள் உண்டு. பின்னையது கோப்புகளின் பெயர்களைத் தராது. ஆயிரக்கணக்கில் இலக்கமிட்ட படங்கள் வரும். உட்கார்ந்து பிரிக்கவேண்டும். படம் இருக்கிறதே என்பதுதான் ஆறுதல். விண்டோஸின் ‘செக்டிஸ்க்’கைப் பழுதான மூல டிஸ்க்கில் ஓடவிடாதீர்கள். அது திருத்துவதாக நினைத்து அதே டிஸ்க்கில் எழுதும்.

டிஸ்க்குகள் தங்கள் சுகநலத்தைத் தாமே பதிவுசெய்யும் ‘ஸ்மார்ட்’ என்ற முறையும் இருக்கிறது. ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற மென்பொருளில் பார்க்கலாம். மாற்றப்பட்ட துண்டுகள், காத்திருக்கும் துண்டுகள் என்ற எண்ணிக்கைகள் ஏறினால் டிஸ்க் களைக்கிறது. சிஆர்சி பிழை மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் பிழை. ஆனால் ஸ்மார்ட் ‘நல்லது’ என்று சொல்வதை நம்பி நித்திரை கொள்ள முடியாது. கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதான டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான ஸ்மார்ட் எச்சரிக்கைகள் எதையுமே முன்கூட்டிக் காட்டவில்லை.

யார் கையில் கொடுக்கிறோம்?

டிஸ்க் தட்டினாலோ, அளவைக் காட்டாவிட்டாலோ, தூசியற்ற அறையில் வேலைசெய்யும் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோகவேண்டும். செலவு கூடும். அதை விடவும் பெரிய கேள்வி, உள்ளே இருப்பது யாருடைய கதை என்பது. முகம் தெரிய, பெயர் சொல்லிச் சாட்சியம் தந்தவர்கள் எங்களை நம்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து விசாரிக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அவர்கள். அவர்களுடைய வாக்குமூலம் கடைக்காரரின் கணினியில் பிரதியாக இருந்துவிடக்கூடாது.

ஆகவே முன்னரே பேசுங்கள். மீட்ட பின்னர் தங்களிடம் உள்ள பிரதியை அழிப்பதாக எழுத்தில் கேளுங்கள். டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள். பழைய டிஸ்க்கைக் கட்டாயம் திருப்பி வாங்குங்கள். இயன்றால், பிரதியெடுக்கும்போது உங்களில் ஒருவர் அங்கே இருங்கள். தூதுவர் சேவையில் அனுப்புவதை விட ஒருவர் பையில் கொண்டுபோவது நல்லது. மறையாக்கிய டிஸ்க் என்றால் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே முழுப் பிரதியை எடுத்துத் தரச்சொல்லலாம். திறப்பதை நீங்கள் வீட்டில் செய்துகொள்ளலாம்.

ரெய்ட் காப்புப் பிரதி அல்ல

“எங்களிட்ட ரெய்ட் இருக்கு, பயமில்லை” என்று பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்ட். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் எல்லா டிஸ்க்குகளிலும் ஒரே விநாடியில் அழியும். மின்னல், வெள்ளம், திருட்டு, பறிமுதல் எதுவும் ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களுடன் ஓலைச்சுவடிகளும் போயின. அச்சான நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருந்திருக்கும். ஓலைக்கு இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் போன்ற முயற்சிகளின் பெறுமதி, ஒரு பொருளைப் பல இடங்களில் இருக்கச் செய்வதில்தான் இருக்கிறது.

வீட்டிலும் அலுவலகத்திலும் இதை இலகுவாகச் செய்யலாம். மூன்று பிரதிகள், இரண்டு வேறுவேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். 3-2-1 என்று சொல்லப்படும் இந்த விதியைப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலமாக்கினார். குடும்பப் படங்கள் என்றால் ஒரு டிஸ்க் வீட்டில், ஒன்று சகோதரி வீட்டில், ஒன்று வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் என்று வைக்கலாம். சாட்சியங்கள் என்றால் மறையாக்கிய பின்னரே வெளியே அனுப்புங்கள். கடவுச்சொல் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கவேண்டும். ஒருவர் நாட்டை விட்டுப் போனாலும், இறந்தாலும், கைதானாலும் மற்றவர் திறக்கவேண்டும். நாஸ் பெட்டிக்கு யூபிஎஸ் ஒன்று அவசியம். அது கத்தும்போது சத்தத்தை நிறுத்தாமல் ஏன் கத்துகிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. பிரதி இருக்கிறது என்று நம்புவதும் பிரதி திறக்கிறது என்று அறிவதும் வேறு வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைச் செருகி, நடுவிலிருந்து ஒரு வீடியோவை எடுத்து ஓடவிட்டுப் பாருங்கள். திகதியைப் பிளாஸ்டரில் எழுதி டிஸ்க்கில் ஒட்டுங்கள். ஒரு சாட்சியத்தை இரண்டாவது டிஸ்க்குக்குப் பிரதியெடுக்கச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதைச் சொன்னவர் அந்த இடத்துக்கு வந்து சேரப் பல வருடங்கள் எடுத்தன.